பாலூ தம்பி (எழுத்துரு)

பாலூ தம்பி என்பது தமிழ், இலத்தீன் ஆகிய இரு எழுத்து முறைகளுக்கும் வடிவமைக்கப்பட்ட, தடித்த கோடுகளையும் உருண்டை முனைகளையும் கொண்ட காட்சி எழுத்துரு ஆகும். மும்பையைச் சேர்ந்த ஏக் டைப் என்னும் எழுத்துரு வடிவமைப்புக் குழு உருவாக்கிய பாலூ எழுத்துருக் குடும்பத்தில் இது தமிழுக்குரிய உறுப்பாகும். இதன் தமிழ் எழுத்துக்களை ஆதர்ஷ் ராஜனும், இலத்தீன் எழுத்துக்களைச் சாரங் குல்கர்ணியும் வடிவமைத்தனர். எழுத்துருப் பொறியியலில் கிரீஷ் தள்வி பங்காற்றினார். ஒருங்குறி முறையில் அமைந்த இவ்வெழுத்துரு, திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டு, கூகுள் எழுத்துரு நூலகத்தின் வழியாகப் பரவலாகக் கிடைக்கிறது.

நீண்ட உரையைப் படிப்பதற்கான எழுத்துருக்கள் உரை எழுத்துருக்கள் எனவும், தலைப்பு, பெயர்ப்பலகை, சின்னம், பொதியட்டை, சுவரொட்டி போன்றவற்றில் பெரிய அளவில் இடுவதற்கானவை காட்சி எழுத்துருக்கள் எனவும் வழங்கப்படுகின்றன. பாலூ தம்பி இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

பெயர்

பாலூ என்பது இரட்யார்டு கிப்ளிங் எழுதிய தி சங்கிள் புக் (1894) நூலில் வரும் கரடியின் பெயர். இந்தியில் பாலூ என்றாலே கரடி என்பது பொருள். பருத்த, மென்மையான, அச்சமூட்டாத தோற்றத்தைக் குறிக்க இப்பெயர் தெரிவு செய்யப்பட்டது. குடும்பத்தின் மூல உறுப்பான தேவநாகரி எழுத்துரு பாலூ என்றே வழங்கியது. மற்ற உறுப்புக்களுக்கு, அந்தந்த மொழியில் உடன்பிறந்தவனை அழைக்கும் சொல் பின்னொட்டாகச் சேர்க்கப்பட்டது.

- தமிழ்: பாலூ தம்பி
- தெலுங்கு: பாலூ தம்முடு
- கன்னடம்: பாலூ தம்ம
- மலையாளம்: பாலூ சேட்டன்
- வங்காளம்: பாலூ தா
- குசராத்தி: பாலூ பாய்
- ஒடியா: பாலூ பாய்னா
- குர்முகி: பாலூ பாஜி
- உருது: பாலூ பாய்ஜான்

தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்றிலும் இளையவனைக் குறிக்கும் ஒரே வேர்ச்சொல்லும், மலையாளத்தில் மூத்தவனைக் குறிக்கும் சொல்லும் இடம்பெற்றிருப்பதைக் காணலாம். ஒவ்வொரு எழுத்துருவிலும் ஓர் இந்திய எழுத்து முறையோடு (உருதுவுக்கு அரபு எழுத்து முறை) இலத்தீன் எழுத்துக்களும் உள்ளன. ஆகவே ஒரே நிறுவனம் பல மாநிலங்களில் தன் பெயரை எழுதும்போது, எழுத்து மாறினாலும் தோற்றத்தில் ஒற்றுமை இருக்கும்.

பின்னணி

எழுத்தின் கோட்டு முனைகளில் சிறு ஒட்டுக்கள் இருந்தால் அவை செரிப் எனப்படும். அவ்வொட்டுக்கள் இல்லாதவை சான்ஸ் செரிப் வகையாகும். வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற அடிப்படை உருவங்களைக் கொண்டு கட்டப்பட்ட சான்ஸ் செரிப் எழுத்துருக்கள் வடிவகணித வகை எனப்படுகின்றன. பால் ரென்னர் வடிவமைத்து 1927இல் வெளியான பியூச்சுரா இவ்வகையின் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. கோட்டு முனைகளையும் உருட்டிய வடிவங்கள் வணிகச் சின்னங்களுக்கு உகந்தவையாகக் கருதப்பட்டன. செருமானியத் தானுந்து நிறுவனமான வோல்க்சுவாகனுக்காக 1979இல் உருவாக்கப்பட்ட வி.ஏ.ஜி. ரவுண்டட் பிற்காலத்தில் ஆப்பிள் கணினிகளின் விசைப்பலகைகளிலும் இடம்பெற்றது.

பாலூ தம்பி முற்றிலும் வடிவகணித எழுத்துரு அன்று. கோடுகள் ஏறத்தாழ ஒரே தடிப்பில் தோன்றினாலும், வளைவுகள் கவராயத்தால் வரைந்தவை போலன்றிக் கையெழுத்தின் நெகிழ்ச்சியோடு உள்ளன. ஒட்டுக்கள் இன்மை, உருண்டை முனை, மிகுதடிப்பு ஆகியவற்றால் இது அவ்வகைக்கு நெருங்கிய உறவுடையது.

தமிழ் எழுத்துக்கு ஒரே தடிப்புள்ள கோடு புதியதன்று. பனை ஓலையில் எழுத்தாணியால் கீறும்போது கோட்டின் தடிப்பு பெரிதும் மாறுவதில்லை. தடிப்பும் மென்மையும் மாறி மாறி வரும் அமைப்பு, பேனாவும் அச்சும் வந்த பின்னரே தமிழில் வலுப்பெற்றது. தமிழில் அச்சிட்ட முதல் நூல்களுள் ஒன்றான தம்பிரான் வணக்கம் 1578இல் கொல்லத்தில் வெளியானது. அதற்குப் பின் நான்கு நூற்றாண்டுகளாக அச்சுத் தமிழ் வளர்ந்தபோதும், கடைப் பலகைகளிலும் சுவர் விளம்பரங்களிலும் பெரிய எழுத்துக்களைக் கையால் தீட்டியவர்கள் ஓவியர்களே. தடித்த, உருண்டையான தமிழ் எழுத்துக்களை அவர்கள் தூரிகையால் எளிதாக எழுதினர். கணினி அச்சுப் பதாகைகள் பரவியபின் அவ்விடத்தை எழுத்துருக்கள் எடுத்துக்கொண்டன.

வடிவமைப்பு

கோட்டுத் தடிப்பும் உள்வெளியும்

எழுத்தின் கோடுகளுக்கு இடையே அல்லது சுழிக்குள்ளே அமையும் வெற்றிடம் உள்வெளி எனப்படும். எழுத்தைத் தடிப்பாக்கும்போது கோடு இருபுறமும் வளர்கிறது. எழுத்தின் மொத்த அகலம் மாறாவிடில், வளர்ச்சி முழுவதும் உள்வெளியைத் தின்றுவிடும். இலத்தீன் எழுத்துக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு உள்வெளிகளே இருப்பதால் இச்சிக்கல் சிறிது. தமிழில் ண, ஞ, இ, ஐ, ஔ, ணை, னை போன்றவை பல சுழிகளையும், அடுத்தடுத்து நிற்கும் செங்குத்துக் கோடுகளையும் கொண்டவை.

இதன் விளைவு வெறும் அழகுக் குறைபாட்டோடு நின்றுவிடுவதில்லை. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன ஆகியவற்றைப் பிரிப்பது ஒரு சுழியே. அச்சுழி அடைபட்டால் ஆணி, ஆனி ஆகவும், மணம், மனம் ஆகவும் படிக்கப்படலாம். எனவே தடித்த தமிழ் எழுத்துருவின் முதல் சோதனை ண என்னும் எழுத்தாகும்.

இச்சிக்கலைத் தீர்க்க வடிவமைப்பாளர்களுக்கு மூன்று வழிகள் உண்டு.

- எழுத்தை அகலமாக்குதல். இதனால் சொல் நீண்டு, பலகையில் மிகுந்த இடம் பிடிக்கும்.
- சுழிகள் நெருங்கும் இடங்களில் மட்டும் கோட்டை மெலிதாக்குதல். கண்ணுக்குச் சமமான தடிப்பாகத் தோன்றும் அளவுக்கே இது செய்யப்படும்.
- உள்வெளியை மெல்லிய கீறல் அளவுக்குச் சுருக்கி, அதையே அழகாகக் கொள்ளுதல். ஏக் டைப் குழுவின் மோதக் என்னும் தேவநாகரி எழுத்துரு இவ்வழியின் எல்லைக்கே சென்றது.

பாலூ குடும்பம் முதல் இரண்டு வழிகளையும் கலந்து கையாள்கிறது. எளிய எழுத்தான ப, ட ஆகியவற்றின் கோடும், செறிந்த எழுத்தான ண, ஞ ஆகியவற்றின் கோடும் அளவுகோலால் அளந்தால் சமமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு வரியில் சேர்ந்து நிற்கும்போது கருமை சீராகத் தோன்றுவதே இலக்கு.

உருண்டை முனைகளும் எழுத்தின் அடையாளமும்

முனையை உருட்டும்போது, எழுத்துக்களை வேறுபடுத்தும் சிறு கூறுகள் மறையக்கூடும். தமிழில் கவனத்துக்குரிய இணைகள் பின்வருவன.

- ர, துணைக்கால் (ா): ர எழுத்தின் அடியில் உள்ள சாய்ந்த கீற்றே இரண்டையும் பிரிக்கிறது.
- எ, ஏ: ஏ எழுத்தின் அடியில் நீளும் சாய்கோடு மட்டுமே வேறுபாடு.
- ஒ, ஓ: கீழ் முனையில் உள்ள சுழிப்பே வேறுபாடு.
- ஒற்றைக்கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே): மேற்சுழியே வேறுபாடு.

ர எழுத்தின் கீற்று குட்டையாகி உருண்டால், அது கால் போலத் தோன்றும். மரம் என்பதை மாம் எனப் படிக்க நேரும். ஆகவே தடிப்பு மிகும்போது இத்தகைய கூறுகளை இயல்பை விடச் சற்றுப் பெரிதாக வரைய வேண்டியுள்ளது. மாறாக ட, ப ஆகியவை கோணங்களால் ஆனவை. அவற்றின் மூலைகளை அளவுக்கு மீறி வளைத்தால் தமிழ்த் தன்மை குறைந்து, இலத்தீன் எழுத்துக்களைப் போலத் தோன்றும்.

புள்ளியும் இவ்வகைச் சிக்கலே. ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. அச்சில் அது இன்றியமையாதது. தடித்த எழுத்துருவில் புள்ளி சிறியதாக இருந்தால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகப் படிக்கப்படும். பெரியதாக இருந்தால் எழுத்தின் மேற்கோட்டோடு ஒட்டிவிடும்.

ஒட்டுருக்கள்

தமிழ் நெடுங்கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துக்கள் உள்ளன. இவை அனைத்துக்கும் தனித்தனி உருவம் வரைய வேண்டியதில்லை. ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசைகளுக்குக் கால், கொம்பு முதலிய குறிகளை அகர வரிசை எழுத்தின் முன்னும் பின்னும் நிறுத்தினால் போதும். உகர, ஊகார வரிசைகளின் 36 எழுத்துக்களோ பெரும்பாலும் தமக்கே உரிய வடிவம் பெறுகின்றன. கு, டு, மு, று ஆகியவற்றை ஒப்பிட்டால் இது விளங்கும். இகர, ஈகார வரிசைகளில் மேல்விலங்கு ஒவ்வொரு எழுத்தோடும் வெவ்வேறு இடத்தில் இணைகிறது. டி, டீ ஆகியவை முற்றிலும் தனி உருவங்கள்.

தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்தால் ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் பழைய ஒட்டுருக்கள் நீங்கி, பொதுவான குறிகள் வந்தன. இதனால் எழுத்துரு வடிவமைப்பாளரின் பணி ஓரளவு குறைந்தது. அதற்கு முன்னர் எழுதிய பலகைகளிலும் அச்சிட்ட நூல்களிலும் பழைய வடிவங்களைக் காணலாம்.

எடுத்துக்காட்டு: ஆரணிப் பட்டு

தடித்த தமிழ் எழுத்துருவின் சிக்கல்களை விளக்கத் திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள பட்டு நெசவு நகரமான ஆரணியின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். ஆரணிப் பட்டு என்னும் பெயர் புவிசார் குறியீடு பெற்றது. ஆகவே அதனைச் சேலைப் பெட்டியிலும் அட்டையிலும் பிழையின்றிப் படிக்கத்தக்கவாறு இடுவது, விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் பொருளுடைய செயலாகும்.

இத்தொடரில் ஏழு எழுத்துக்களே உள்ளன. கணினி நினைவகத்தில், இடைவெளியையும் சேர்த்து, இது 12 ஒருங்குறிக் குறியெண்களாகச் சேமிக்கப்படுகிறது. ணி, ப், ட், டு ஆகிய நான்கும் இரண்டிரண்டு குறியெண்களால் ஆனவை என்பதே காரணம். அவற்றை உரிய உருவங்களாக மாற்றும் விதிகள் எழுத்துருக் கோப்பினுள் அட்டவணைகளாக உள்ளன.

- ஆ: அகரத்தின் கீழே வளையும் சுழி, தடிப்பு மிகும்போது தண்டோடு ஒட்டாதிருக்க வேண்டும்.
- ர: அடிக்கீற்று தெளிவாக இருக்க வேண்டும். இல்லையேல் முன்னுள்ள ஆவோடு சேர்ந்த கால் எனக் கண் மயங்கும்.
- ணி: மூன்று சுழிகளோடு மேல்விலங்கும் சேர்வதால் தொடரிலேயே மிகச் செறிந்த எழுத்து இது. சுழி அடைபட்டால் ஊரின் பெயரே ஆரனி ஆகிவிடும்.
- ப், ட்: திறந்த, எளிய வடிவங்கள். அருகிலுள்ள ணி கருமையாகவும் இவை வெளுப்பாகவும் தோன்றாதிருக்க, இவற்றின் அகலம் குறைக்கப்படும்.
- டு: டகரத்தின் நேர்கோடும் உகரத்தின் வளைவும் ஓர் உருவமாக இணைய வேண்டும்.

எழுத்தைத் துணியிலேயே நெய்வதானால் இச்சிக்கல் மேலும் கடுமையாகும். சேலையின் கரையிலோ முந்தானையிலோ வரவேண்டிய உருவம் முதலில் கட்டமிட்ட தாளில் வரையப்படுகிறது. பாவும் ஊடையும் குறுக்கிடும் அமைப்பைக் கட்டங்கள் குறிக்கின்றன. அதற்கேற்பத் துளையிட்ட அட்டைகள் ஜக்கார்டு கருவியில் கோக்கப்படும். எனவே ஒவ்வொரு வளைவும் சிறு படிக்கட்டுக்களாக மாறுகிறது. தடித்த கோட்டில் படிகள் பல இருப்பதால் வளைவு ஓரளவு காக்கப்படும். ஆனால் ஒரு கட்ட அளவே உள்ள உள்வெளி, நூல்கள் நெருங்கும்போது மறைந்துவிடும். கணினித் திரையில் சிறிய அளவில் எழுத்தைக் காட்டும்போதும் படப்புள்ளிகளால் இதே விளைவு ஏற்படுகிறது.

பதிப்புக்கள்

பாலூ தம்பியின் முதற்பதிப்பு ஒரே ஒரு மிகுதடிப்பில் மட்டும் அமைந்தது. 2016இல் அது கூகுள் எழுத்துரு நூலகத்தில் இடம்பெற்றது. தலைப்புக்கு ஒரு தடிப்பும், அதன் கீழ் வரும் முகவரிக்கு மற்றொரு தடிப்பும் வேண்டுவோர் வேறு எழுத்துருவைத் தேட வேண்டியிருந்தது.

2019ஆம் ஆண்டுப் பதிப்புரிமைக் குறிப்போடு வந்த பாலூ தம்பி 2 இக்குறையை நீக்கியது. இதில் இயல்பு, நடுத்தரம், அரைத்தடிப்பு, தடிப்பு, மிகுதடிப்பு ஆகிய ஐந்து நிலைகள் உள்ளன. எழுத்துருவியலில் வழங்கும் எண் அளவையில் இவை 400 முதல் 800 வரை அமைகின்றன. பின்னர் இது மாறு எழுத்துருவாகவும் வெளியானது. மாறு எழுத்துருவில் ஐந்து நிலைகளுக்கு இடைப்பட்ட எந்தத் தடிப்பையும் ஒரே கோப்பிலிருந்து பெறலாம்.

உரிமம்

பாலூ குடும்பம் எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வழங்கப்படுகிறது. இவ்வுரிமத்தின் 1.1ஆம் பதிப்பு 2007 பெப்ரவரி 26 நாளிட்டது. இதன் முதன்மைக் கூறுகள் பின்வருமாறு.

- எழுத்துருவைத் தனிப்பட்ட தேவைக்கும் வணிகத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.
- ஆவணங்களிலும் மென்பொருள்களிலும் இணைத்து வழங்கலாம்.
- மாற்றியமைத்து வெளியிடலாம். ஆனால் மாற்றியதும் இதே உரிமத்தின் கீழ் அமைய வேண்டும்.
- எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது.
- எழுத்துருவால் ஆக்கிய படைப்புக்களை இவ்வுரிமம் கட்டுப்படுத்தாது.

கடைசிக் கூறு வணிகச் சின்னம் அமைப்போருக்கு முக்கியமானது. சேலை அட்டையோ பெயர்ப்பலகையோ திறந்த உரிமத்துக்கு உட்பட வேண்டியதில்லை. அதே வேளையில், எழுத்துரு பொதுவில் கிடைப்பதால் மற்றொருவரும் அதே எழுத்துக்களில் தம் பெயரை எழுதலாம். தனித்துவம் வேண்டுவோர் எழுத்தின் அமைப்பை மாற்றியோ ஓவியம் சேர்த்தோ சின்னத்தை வேறுபடுத்துவர்.

பயன்பாடும் வரம்புகளும்

தலைப்பு, சிறுவர் நூல் அட்டை, உணவுப் பொதி, சுவரொட்டி, செயலி முகப்பு ஆகியவற்றுக்கு இவ்வெழுத்துரு ஏற்றது. தமிழும் இலத்தீனும் ஒரே தடிப்பில் வரையப்பட்டிருப்பதால் இருமொழிப் பலகைகளில் ஒன்று மற்றொன்றை அமுக்குவதில்லை. தமிழ்நாட்டில் கடைப் பலகைகளில் தமிழ் முதன்மையாக இடம்பெற வேண்டும் என்னும் விதி உள்ளதால் இது பயனுடையது.

பின்வரும் வரம்புகள் கவனத்துக்குரியன.

- மிகுதடிப்பு நிலையைச் சிறிய அளவில் இட்டால் ண, ஞ, ஐ ஆகியவற்றின் சுழிகள் அடைபடும். அவ்விடத்தில் இயல்பு நிலையையோ உரை எழுத்துருவையோ பயன்படுத்துவது நன்று.
- மேலே விலங்குகளுக்கும் கீழே இறங்கும் உகரங்களுக்கும் இடம் வேண்டியிருப்பதால் வரிகளுக்கு இடையேயான இயல்பு இடைவெளி பெரிது. பல வரித் தலைப்புக்களில் இதனைக் குறைக்க நேரும். அளவுக்கு மீறிக் குறைத்தால் மேல்வரியின் ளு, கீழ்வரியின் கீ ஆகியவை மோதும்.
- ஏமாற்றம், இரங்கல், சட்ட அறிவிப்பு போன்ற பொருள்களுக்கு இதன் விளையாட்டுத் தோற்றம் பொருந்தாது.
- இந்திய மொழிகளுக்கான எழுத்தமைப்பு வசதி இல்லாத பழைய வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பு எழுத்துக்குப் பின்னே தோன்றும். இது எழுத்துருவின் பிழையன்று, மென்பொருளின் குறையாகும்.

கடைசியாகக் கூறிய குறையினால், அச்சகங்கள் பல நெடுங்காலம் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களையே நம்பியிருந்தன. அவற்றில் தமிழ் உருவங்கள் ஆங்கில எழுத்துக்களின் இடங்களில் வைக்கப்பட்டிருந்தன. எழுத்துருவை மாற்றினால் உரை சிதைந்துவிடும், தேடுபொறியிலும் அகப்படாது. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றது. பாலூ தம்பி போன்ற ஒருங்குறிக் காட்சி எழுத்துருக்கள் வந்ததால், தலைப்புக்களையும் தேடத்தக்க உரையாகவே வைத்திருக்க முடிகிறது.

தொடர்புடைய எழுத்துருக்கள்

- கோய்னி: மார்செலோ மகல்யாயிசு வடிவமைத்த, உருண்டை முனைகளைக் கொண்ட தமிழ், இலத்தீன் காட்சி எழுத்துரு.
- கட்டமரன்: பிரியா இரவிச்சந்திரன் வடிவமைத்த, ஒன்பது தடிப்பு நிலைகளைக் கொண்ட சான்ஸ் செரிப் எழுத்துரு. மெல்லிய நிலை முதல் மிகக் கரிய நிலை வரை இதில் உண்டு.
- முக்தா மலர்: ஏக் டைப் குழுவின் தமிழ் உரை எழுத்துரு.
- அனேக் தமிழ்: அக்குழு 2022இல் வெளியிட்ட பன்மொழிக் குடும்பத்தின் தமிழ் உறுப்பு. இதில் தடிப்போடு அகலத்தையும் மாற்றலாம். நீண்ட தமிழ்ப் பெயர்களைக் குறுகிய பலகையில் அடக்க இது உதவும்.

இவற்றையும் பார்க்க

- எழுத்துரு
- தமிழ் எழுத்துச் சீர்திருத்தம்
- ஒருங்குறி
- ஆரணி
- ஜக்கார்டு தறி